ஈசானிய மூலையும் சண்டைக்காரக் கம்பைலரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள். மயிலத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில், காய்ந்து கிடந்த மானாவாரிக் கொல்லையின் நடுவே, ஒரு புங்கமரத்தடியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் அங்கே போர் போட வண்டி வரப்போகிறது. எந்த இடத்தில் துளை போடுவது என்று நாங்கள் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்தால் அந்தக் குடும்பம் ஊரில் இருக்கும். வராவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிடும். இவ்வளவு பெரிய விஷயம் என் மடியில் வந்து விழுந்ததற்குக் காரணம், ஒரு கம்பைலர்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் திண்டிவனம். சென்னையில் ஒரு கம்பெனியில் ரொம்ப வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர்க்காரம்மா என்று பெயர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னிடம் வருவார்கள், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். என் வேலை அதில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் பேசாமல் பேட்டரியை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். ஆனால் என் வேலையில் நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்படிப்பட்ட வாசலில் ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்று, எனக்கு ஃபோர்ட்ரான் தெரியுமா என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. ஃபோர்ட்ரான் என்பது கம்ப்யூட்டர் மொழிகளிலேயே ரொம்பப் பழையது. பாலக் கணக்கு, பூமிக்கணக்கு, வானிலைக் கணக்கு போடுகிறவர்கள் மட்டும் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. சென்னை கம்பெனியில் அதோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். திண்டிவனத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார் என்று கனவிலும் நினைத்ததில்லை. உட்காருங்கள் சார் என்று சொல்லி, நல்ல டிகாஷனில் காபி போட்டேன்.

அவர் விழுப்புரத்துக்காரர். பூமியைப் பற்றிப் படித்துவிட்டு, போர் போடுவதற்கு பாயிண்ட் பார்த்துக் கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவர். தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவர்கள், வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் உண்டு. இவர் மீட்டர் வைத்துப் பார்க்கிறவர். இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, கரண்ட் விட்டு, கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்து அளவு எடுப்பார். அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், கீழே எவ்வளவு ஆழத்தில் மண், எங்கே பாறை, பாறையில் எங்கே வெடிப்பு, அதில் ஈரம் இருக்குமா என்று அது சொல்லும். எங்கள் பக்கம் மண்ணுக்குக் கீழே முக்கால்வாசி பாறைதான். வெடிப்பு இருக்கும் இடம் கிடைத்தால் பிழைத்தோம்.

அவருடைய பழைய லேப்டாப் வண்டியிலிருந்து விழுந்து செத்துப்போய்விட்டது. புதிய லேப்டாப்பில் பழைய புரோகிராம் ஓட மாட்டேன் என்கிறது. எழுதிய வரிகள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் அவை இரண்டு மொழிகளில் இருந்தன. கணக்குப் போடும் பகுதி ஃபோர்ட்ரானில் எப்போதோ எழுதியது. மீட்டரிலிருந்து அளவை வாங்கி ஒவ்வொரு பாயிண்டாக அந்தக் கணக்குக்கு அனுப்பும் பகுதி சி மொழியில், பிற்பாடு வேறு யாரோ எழுதியது. நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர். இங்கே ஃபோர்ட்ரானை மாற்றித் தருவதோடு, சி-யோடும் ஒத்துப்போகிற ஒரு கம்பைலர் வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். செய்து பார்த்தால்தான் பேஜார் தெரியும். ஒரு கம்பைலர் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கோடு ஒட்டும். இன்னொன்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் மாற்றிவிடும். ஒரே பெண்ணைப் பிறந்த வீட்டில் ஒரு பெயரிலும் புகுந்த வீட்டில் வேறு பெயரிலும் கூப்பிடுவது மாதிரி. சி கூப்பிடும், ஃபோர்ட்ரானுக்குக் காது கேட்காது.

அவர் கடைசியாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

“சண்டை போடாத கம்பைலரா பாத்துப் போட்டுக் குடும்மா. கொல்லையில நின்னுகினு அதோட மல்லுக்கட்ட முடியாது.”

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, அவரிடம் சிடியாக இருந்த பழைய கம்பைலரின் புதிய பதிப்பு. இன்னொன்று, சி-க்கும் ஃபோர்ட்ரானுக்கும் சேர்த்து ஒரே குடும்பத்திலிருந்து வருகிற இலவசக் கம்பைலர். நான் யோசிக்கவே இல்லை. ஒரே குடும்பம் என்றால் பெயர்த் தகராறு வராது. அதைத்தான் எடுத்தேன். ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் கோத்து ஓடவிட்டேன். பழைய வரிகளைப் பார்த்து அந்தக் கம்பைலர் மூச்சு விடாமல் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக அடித்துத் தள்ளியது. பழைய ஃபோர்ட்ரானைக் கொடுத்தால் எப்போதும் அப்படித்தான் புலம்பும். ஒவ்வொன்றாக அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விடை சரியா என்று பார்ப்போம் என்று அவரை வரச் சொன்னேன்.

அவர் தான் முன்பு பார்த்த இடங்களின் அளவுகளை எல்லாம் கொண்டுவந்தார். ஓட்டினோம். விடை ஏடாகூடமாக வந்தது. மறுபடி ஓட்டினோம், சரியாக வந்தது. இன்னொரு முறை ஓட்டினால் பூமிக்குள் பாதாளம் வரைக்கும் களிமண் என்றது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உங்கள் கம்பைலர் சரியில்லையம்மா, பழையதையே போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

எனக்கு ரோஷம் வந்தது. ஆனாலும் பழையதன் புதிய பதிப்பையும் போட்டு, பெயர்த் தகராறை எல்லாம் கையால் தீர்த்து, ஓட்டிக் காட்டினேன். பழைய விடைகள் அச்சு அசலாக அப்படியே வந்தன. பத்து முறை ஓட்டினாலும் அதே விடை. முணுமுணுப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! இதுதானம்மா ஒத்துப்போகிறது, இதையே வைத்துக்கொள்வோம் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நானும் சரி என்று தலையை ஆட்டியிருந்தால் என் வேலை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு ஒரு குணம். ஒரே கணக்குக்கு இரண்டு பேர் இரண்டு விடை சொன்னால், யார் சொல்வது சரி என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. ஒன்று மாற்றாமல் சொல்கிறது, இன்னொன்று உளறுகிறது என்பதற்காக முதலாவது சொல்வது உண்மை ஆகிவிடுமா? இரண்டு நாள் டைம் கொடுங்கள் என்றேன். நாளைக்கே மயிலம் பக்கம் ஒரு பாயிண்ட் பார்க்கப் போகிறேன், டைம் இல்லை என்றார். அப்படியானால் நானும் வருகிறேன் என்றேன். வெயிலில் கறுத்துப்போய்விடுவீர்கள் என்று கேலி செய்தார். எங்கம்மா மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, களை வெட்டப் போகும்போது இடுப்பில் இருந்தவள் நான், இதற்கு மேல் கறுக்க ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துக் கூட்டேரிப்பட்டில் இறங்கினேன். அவர் வேன் அங்கே நின்றது. கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது நிலத்துக்குச் சொந்தக்கார அக்கா ஒரு சொம்பு கூழோடு காத்திருந்தார். காலம் காலமாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். சொந்தமாக நிலம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் இந்த அக்காதான். அவர் கணவர் புதுச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

அங்கே போன பிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. அந்தக் கொல்லையில் அதற்கும் இரண்டு வருடங்களுக்கு முன்பு இதே சார் பாயிண்ட் பார்த்துக் கொடுத்து ஏற்கெனவே ஒரு போர் போட்டிருக்கிறார்கள். வடகிழக்கில், ஈசானிய மூலையில். கொஞ்ச நாள் நூல் மாதிரி தண்ணீர் வந்து, வெயில் தலைகாட்டியதும் நின்றுவிட்டது. மூலையில் அந்தக் குழாய் வாயில் கல்லை வைத்து மூடி வைத்திருந்தார்கள். இன்னொரு போர் போட்டுப் பார்ப்பது, இதுவும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கிளம்புவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள். சாருக்கு மனசு கேட்காமல், தானே வந்து மறுபடி பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கம் பாயிண்ட் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் கம்பியை ஈசானிய மூலையில்தான் அடிப்பார். தண்ணீருக்கு அந்த மூலைதான் விசேஷம் என்று நம்பிக்கை. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, அப்புறம்தான் வேலை. சாரும் இத்தனை வருஷமாக அப்படித்தான் செய்துவருகிறார். மீட்டர்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். ஜனங்களுக்குத் திருப்தி, எனக்கும் நஷ்டமில்லை, எங்கிருந்தாவது ஆரம்பித்துத்தானே ஆக வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அன்று ஈசானிய மூலைக்குப் போக முடியவில்லை. அக்காவின் பசு விடியற்காலையில் அங்கேதான், அந்தப் பழைய போர் குழாய்ப் பக்கத்தில், கன்று போட்டிருந்தது. கிட்டே போனால் கொம்பை ஆட்டிக்கொண்டு வந்தது. சார் கம்பியும் சுத்தியலுமாக இரண்டு முறை போய், இரண்டு முறையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மாடு சாந்தமாகட்டும், அதற்குள் எதிர் மூலையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அக்காவே சொன்னார். சாருக்கு அரை மனசு. வேறு வழியில்லாமல் தென்மேற்கு மூலையில் முதல் கம்பியை அடித்தார். பிறகு கொல்லை நடுவில், அதற்குப் பிறகு தென்கிழக்கில். வெயில் சாயும் நேரத்தில் அக்கா பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனபின் கடைசியாக ஈசானிய மூலை.

புங்கமரத்தடியில் உட்கார்ந்து, அவருக்குப் பிடித்த ஒத்துப்போகிற கம்பைலரில் செய்ததை ஓட்டினோம். தென்மேற்கில் கொஞ்சம் ஈரம். மற்ற மூன்றும் கெட்டிப் பாறை. ஈசானிய மூலையும் பாறை.

சார் திரையையே பார்த்தார். தன் அனுபவத்தில் ஈசானிய மூலை மொத்தமாகப் பாறை என்று வந்ததே இல்லை என்றார். அதிலும் இங்கே ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் வந்த இடம் அது. எப்போதும் அந்த மூலையில்தான் ஏதாவது காட்டும், மற்ற இடம் எல்லாம் பாறை என்றுதான் வரும், சாமி காரியம் என்று ஜனங்களும் சந்தோஷமாகப் போவார்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது. எப்போதும் ஈசானிய மூலைதான் ஜெயிக்கும். எப்போதும் ஈசானிய மூலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். இன்று முதலில் பார்த்தது தென்மேற்கு. இன்று ஜெயித்தது தென்மேற்கு. அப்படியானால் ஜெயிப்பது மூலை இல்லை, முதலில் நிற்கிற ஆள்.

புரோகிராமை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். அதே அளவுகள்தான், வரிசையை மட்டும் மாற்றினேன். ஈசானிய மூலையை முதலில் கொடுத்தேன். அதற்கு ஈரம் என்று வந்தது, தென்மேற்கு பாறை ஆகிவிட்டது. பிறகு மறுபடி மூடித் திறந்து, இன்னும் ஒன்று செய்தேன். ஒரே பாயிண்டின் அளவுகளையே அடுத்தடுத்து இரண்டு முறை கொடுத்தேன். முதல் முறை தண்ணீர் என்றது. அதே இடத்துக்கு, அதே எண்களுக்கு, இரண்டாவது முறை பாறை என்றது.

ஒத்துப்போகிற கம்பைலரின் லட்சணம் இதுதான்.

இப்போது நான் முதலில் எடுத்த அந்தச் சண்டைக்காரக் கம்பைலரைத் திறந்தேன். அது கொட்டி வைத்திருந்த எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் படிக்க ஆரம்பித்தேன். அக்கா கூழைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், ஊறுகாய் மிளகாயோடு. குடித்துக்கொண்டே படித்தேன். பாதிக்கு மேல் உப்புச் சப்பில்லாத புகார்கள். நடுவில் ஒன்று இருந்தது, புரோகிராம் எண்களைப் போட்டு வைக்கிற ஒரு பெட்டியைப் பற்றி. இந்தப் பெட்டியில் யாரும் எதுவும் போடவில்லையே, அதற்குள் அதைத் திறந்து பார்க்கிறீர்களே என்று அந்த வரியைச் சுட்டிக்காட்டிக் கேட்டிருந்தது.

விஷயம் இதுதான். பழைய கணக்கு, வேலை ஆரம்பிக்கும் முன் அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்கும். பூஜ்யம் இருந்தால், இதுதான் ஆரம்பம் என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கும். இல்லாவிட்டால், கையில் இருப்பதைவிடச் சிறப்பான விடை கிடைத்தால்தான் மாற்றுவேன் என்று பழையதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். புதிய இடத்துக்கு முயற்சியே செய்யாமல், பாறை என்று தன் ஆரம்ப யூகத்தையே நீட்டிவிடும். எழுதியவர் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தில் ஒரு கணக்குப் போட்டால் புரோகிராம் அத்தோடு முடிந்துவிடும். ஃபோர்ட்ரான் பகுதி, தன்னை ஒரே ஒரு முறைதான் கூப்பிடுவார்கள் என்று நம்பி எழுதப்பட்டது. சி அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. விளைச்சலை எடை போட்டு விற்கிற கமிட்டியில் முதல் மூட்டையை இறக்கியபின் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமலே அடுத்த மூட்டையை ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. ஒத்துப்போகிற கம்பைலர் புரோகிராமைத் திறந்ததும் அந்தப் பெட்டியில் தானாகவே பூஜ்யம் வைத்தது, முதல் கணக்குக்குப் பிறகு பழையதை அப்படியே விட்டுவைத்தது. சண்டைக்காரக் கம்பைலர் பெட்டியை அதன் போக்கில் விட்டது, அதில் கையில் கிடைத்த குப்பை கிடந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு விடை வந்தது. நாங்கள் உளறல் என்று நினைத்தது, அது தன்னால் முடிந்த மட்டும் கத்திச் சொன்ன புகார்.

ஒவ்வொரு முறையும் பெட்டியில் பூஜ்யம் போடு என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டு கம்பைலரிலும் ஓட்டினேன். எந்த வரிசையில் கொடுத்தாலும், எத்தனை முறை கொடுத்தாலும், இரண்டும் ஒரே விடையைச் சொல்லின. ஈசானிய மூலையில் கொஞ்சம் ஈரம். தென்மேற்கில் கொஞ்சம் ஈரம். நடுவில் பாறை. தென்கிழக்கில் மட்டும் நல்ல ஆழத்தில் பெரிய வெடிப்பு, நல்ல ஈரம்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சார் முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்போ இதுக்கு முன்னாடி பாத்ததெல்லாம்?” என்று கேட்டார்.

பதில் அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டார். மீட்டர் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முதல் மூலையைத் தவிர மற்றவற்றையெல்லாம் அந்தப் புரோகிராம் பார்க்கவே இல்லை. அந்த மூலையில் உண்மையிலேயே தண்ணீர் இருந்தவர்கள் பிழைத்தார்கள். இல்லாதவர்கள் தலையெழுத்து என்று இருந்துவிட்டார்கள். புரோகிராம் சொன்னதும் நம்பிக்கை சொன்னதும் ஒன்றாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவர் வாயை மூடிக்கொண்டு தென்கிழக்கைக் காட்டியிருக்கலாம். நானும் அவரும் தவிர அங்கே யாருக்கும் இது புரியப்போவதில்லை. அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அக்காவிடம் நேராகப் போனார்.

“என் கம்ப்யூட்டர்ல தப்பு இருந்துதும்மா. இத்தினி நாளா எனக்கே தெரியல. போன தபா உங்க போர் வீணா போனது என்னாலதான்.”

அக்கா அவரையே பார்த்தார். பிறகு ஈசானிய மூலையில் கல் வைத்து மூடிய குழாயைப் பார்த்தார். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டினாலும் நியாயம்தான்.

“போன தபாவே அங்க ஒரு மாட்டக் கட்டி வெச்சிருக்கணும் சார்,” என்றார் அக்கா.

சாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. தென்கிழக்கு என்றால் அக்னி மூலை. அங்கே தண்ணீர் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்வார்கள். கணவர் ஒரே பிடியாக நின்றார். ஏற்கெனவே ஒன்று போய்விட்டது, இப்போது ஆகாத மூலையில் வேறு துளை போட்டு ஊர் வாயில் விழ வேண்டுமா, கம்ப்யூட்டர்தான் தப்புப் பண்ணும் என்று சாரே சொல்கிறாரே என்று கேட்டார். கேள்வி சரியான கேள்வி. நான் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு மூலையின் எண்களையும் அவர் கையாலேயே இரண்டு இரண்டு முறை கொடுக்கச் சொன்னேன். வரிசையை அவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவரும் விடவில்லை, கலைத்துக் கலைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தென்கிழக்குதான் வந்தது. கடைசியில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

“தண்ணி எங்க கீதோ, அதான் எனக்கு ஈசானிய மூல. அங்கியே போடுங்க.”

மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் போய்விட்டேன். போர் வண்டி அக்னி மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளைப் புழுதி ஆளுயரத்துக்குக் கிளம்பி எல்லார் தலையிலும் படிந்தது. கம்பி மேல் கம்பியாக இறங்கிக்கொண்டே இருந்தது, புழுதி மட்டும் நிற்கவில்லை. கணவர் இறங்கும் கம்பிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு வரப்பில் குந்திவிட்டார். சார் இங்கும் அங்கும் நடந்தார். அக்கா வண்டிப் பக்கமே திரும்பவில்லை, கன்றைத் தடவிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். என் கணக்கு சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வண்டியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

முதலில் புழுதியின் நிறம் மாறியது. பிறகு புழுதி சேறாகத் தெறித்தது. அதன்பின் சத்தமே மாறி, குழாய் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. கணவர் சட்டையோடு போய் அதன் கீழே நின்றார். அக்கா மெதுவாக வந்து, இரண்டு கையாலும் சேற்றுத் தண்ணீரை ஏந்தி, முதலில் பசுவின் நெற்றியில் தெளித்தார். நான் அழுதுவிட்டேன். எனக்கு அதில் வெட்கமில்லை. கம்பைலர் தேர்ந்தெடுத்ததற்காக இந்த உலகத்தில் எத்தனை பேர் அழுதிருப்பார்கள்?

சார் அத்தோடு விடவில்லை. தன்னிடம் இருந்த பழைய அளவுகளை எல்லாம் சண்டைக்காரக் கம்பைலரில் செய்த புதிய புரோகிராமில் மறுபடி ஓட்டினார். போர் வீணாய்ப் போன இடங்களில் எங்கெல்லாம் வேறு மூலையில் தண்ணீர் இருந்திருக்கிறது என்று பார்த்து, அந்தந்த வீட்டுக்கே போய், நடந்ததைச் சொல்லி, பைசா வாங்காமல் மறுபடி பாயிண்ட் பார்த்துக் கொடுத்தார். கண்டமங்கலம் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அந்தப் பெரியவர் வாசலிலேயே நிற்கவைத்து, காது கூசும்படி திட்டினார். சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வேனில் ஏறியதும் எனக்குப் பொறுக்காமல், இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா சார் என்று கேட்டேன்.

“திட்டட்டும்மா. அவுரு திட்றதுல எனக்கு இன்னா கொறஞ்சுபூட்டுது? அவுருக்குத் தண்ணி வேணும்ல.”

அடுத்த வாரம் அந்தப் பெரியவரே போன் செய்து, எப்போது மீட்டரைக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டாராம்.

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. சார் எந்தக் கொல்லைக்குப் போனாலும், எந்த மூலையில் ஆரம்பித்தாலும், முதல் பாயிண்டை இரண்டு முறை கொடுத்துப் பார்ப்பார். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால்தான் மேலே போவார். பார்த்த ஜனங்கள் இதையும் ஒரு சாங்கியமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ரெண்டு தபா காட்டினீங்களா சார், அதை வுட்டுடாதீங்க என்று அவர்களே ஞாபகப்படுத்துகிறார்களாம். போன மாதம் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வீட்டில் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தார்களாம். போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் திருத்தப் போகவில்லை. சரிபார்ப்பதைச் சாங்கியமாகச் செய்தாலும் சரிதான்.

அக்காவின் கொல்லையில் இப்போது மல்லாட்டை போக ஊடுபயிராக உளுந்தும் நிற்கிறது. பெங்களூர்ப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. ஒவ்வொரு அறுப்புக்கும் கணவர் திண்டிவனம் வரும்போது ஒரு பை பச்சை மல்லாட்டை என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறார், கூடவே வீட்டு ரிமோட்டையும் காட்டிப் பேட்டரி மாற்றிக்கொண்டு போகிறார். அன்று அந்தக் கொல்லையில் எங்கள் இஷ்டத்துக்கு வளையாமல் முரண்டு பிடித்தது இரண்டே பேர், ஒரு பசுவும் ஒரு கம்பைலரும். அதிலிருந்து, கூட வேலை செய்ய ஆள் எடுத்தாலும் சரி, வீட்டுக்கு மேஸ்திரி பார்த்தாலும் சரி, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவரைக் கண்டால் எனக்கு உதறல் எடுக்கிறது. முறைத்துக்கொண்டு நிற்கிறவரைத்தான் உட்காரவைத்து, நல்ல டிகாஷனில் காபி கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்கிறேன்.